முருகானந்தம் முதுகு கொடுத்த கதவு

முருகானந்தத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் மலைமேல், செம்மேட்டுச் சந்தையில். ஜெர்மனியில் முதல் வருஷப் படிப்பை முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதை நாடு என்போம்; எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆளும் நான்தான். இதை நானாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் ஜெர்கின் போட்டுக்கொண்டு நின்றால் போதும், அவர்களாகவே வந்து கேட்பார்கள்.

அப்படி வந்து கேட்டவர் சின்னராசு. திருப்புலி நாட்டில் மிளகு விவசாயம். பின்னால் அவர் மகன் முருகானந்தம், என்னைவிட ரெண்டு வயது இளையவன், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றான். மண்ணியல் மேற்படிப்புக்கு என் பல்கலைக்கழகத்திலேயே அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் தங்கியிருந்த விடுதியிலேயே அறையும் கொடுத்திருந்தார்கள். குளிர், சாப்பாடு, பாஷை என்று எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தேன். சின்னராசு கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏனுங்க சாமி, அங்க குடுக்கற ஊட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கும்?"

ஊடெல்லாம் இல்லை, ஒரே ஒரு அறைதான், வாசலுக்கு நேர் எதிரே இன்னொருத்தர் அறை என்றேன். அவர் முகம் தெளிந்தது. எதிரிலேயே ஊடென்றால் பையனுக்குப் பேச்சுத் துணை இருக்குமே என்றார். நான் மறுக்கவில்லை. ஒரு வருஷமாக என் எதிர் அறையில் இருப்பது ஆணா பெண்ணா என்றே எனக்குத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை.

முருகானந்தம் செப்டம்பரில் வந்து சேர்ந்தான். அறை என்றால் ஒரு கட்டில், மேஜை, அலமாரி, பாதிதான் திறக்கும் ஒரு ஜன்னல். சமையல்கட்டு நடைக்கோடியில், எல்லோருக்கும் பொது. கட்டில் காலிலிருந்து ஜன்னல் கொக்கிக்குக் கொடி கட்டித் துணி காயப்போட்டான். அம்மா ராமாயி கொடுத்தனுப்பிய சாமை அரிசிப் பையையும் மிளகையும் கட்டிலுக்கடியில் தள்ளினான். சாயங்காலத்துக்குள் பத்து வருஷம் குடியிருந்தவன் மாதிரி ஆகிவிட்டான். கதவு ஒன்றுதான் அவனுக்கு அடங்கவில்லை.

தீப்பிடித்தால் பரவக்கூடாது என்று அங்கே அறைக் கதவுகளை, கையை விட்டால் தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி வைத்திருப்பார்கள். முருகானந்தம் அதைத் தச்சு வேலைக் கோளாறு என்று நினைத்துவிட்டான். "நெலவு வாட்டம் விட்டிருச்சுங்கண்ணா, அதான் கதவு நிக்க மாட்டேங்குது" என்று கதவின் நிலைச்சட்டத்தைத் தட்டிக் காட்டி விளக்கிவிட்டு, சாமைப் பையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். கதவு நின்றது. அவனும் கட்டிலில் நிம்மதியாக உட்கார்ந்தான்.

எங்கள் மலையில் பகலில் ஊட்டுக் கதவைச் சாத்தும் பழக்கம் இல்லை. காட்டுக்குப் போனாலும் ஒருக்களித்துத்தான் கிடக்கும். ஆள் உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்தினால், யாரோடோ பேச்சை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அதைத் தீர்க்கவும் ஒரு முறை உண்டு. எதிராளி வெற்றிலை பாக்கோடு போய் அந்த வாசலில் உட்கார்ந்துகொள்வார். தட்டமாட்டார், கூப்பிடமாட்டார். கதவு திறக்கும்வரை எழுந்திருக்கவும் மாட்டார். தப்பு யார் மேல் என்பது பேச்சிலேயே வராது. கதவு திறந்தால் விஷயம் முடிந்தது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் படித்தவன். வந்த வாரமே கதவைச் சாத்தப் பழகிவிட்டேன்.

முருகானந்தத்தின் எதிர் அறையில் சட்டம் படிக்கிற ஒரு ஜெர்மன்காரப் பையன் இருந்தான். தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுப்பது விதிமீறல் என்று வார்டனுக்கு எழுதிப்போட்டது அவன்தான். ரெண்டு மாதம் போனதும் முதல் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த ஊரில் வேறு அறைக்குப் பெயர் பதிந்துவிட்டு ஒரு வருஷம் காத்திருப்பார்கள். அறை போனால் முகவரி போகும், முகவரி போனால் விசா போகும், விசா போனால் படிப்பு போகும். இதை நான் அவனுக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவனுக்கு வேறொன்று புரிந்தது. நடை முழுக்கச் சாத்திக் கிடந்த கதவுகளை வந்த நாளிலிருந்தே கவனித்து வந்திருக்கிறான். இவ்வளவு பேருக்கும் தன்மேல் என்ன வருத்தம் என்று யோசித்திருக்கிறான். எச்சரிக்கை வந்ததும், மூல காரணம் எதிர் ஊட்டுக்காரன்தான் என்று முடிவுகட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெற்றிலைக்கு வழியில்லாததால் ஒரு பொட்டலம் மிளகை எடுத்துக்கொண்டு போய் எதிர் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சட்டக்காரன் குளியலறைக்குப் போகக் கதவைத் திறந்தால், காலடியில் ஒருவன் கறுப்பாக எதையோ கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவன் பயந்ததில் தப்பில்லை. ரெண்டாவது எச்சரிக்கை வந்தது.

சமாதானம் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். தட்டாமல் கூப்பிடாமல் வாசலில் உட்கார்வது எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கும் முறை என்று, தெரிந்த ஜெர்மன் பாஷையையெல்லாம் திரட்டி அவனுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டான். இது மத நம்பிக்கையா என்றான், மதம் என்றால் அதற்கு வேறு விதி இருக்கிறதாம். இல்லை, பழக்கம்தான் என்றேன். பழக்கத்துக்கு விதி இல்லை என்று வருத்தப்பட்டான்.

அன்றிரவு முருகானந்தத்திடம், இங்கே கதவைச் சாத்தினால் கோபம் என்று அர்த்தமில்லை என்றேன்.

"கோவமில்லாம எதுக்குங்கண்ணா சாத்தறாங்க?"

"படிக்கறாங்க தம்பி."

"எல்லாருமேவா?"

இன்னொரு எச்சரிக்கை வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னேன். சாமைப் பை கட்டிலுக்கடியில் போனது. கதவு சாத்திக்கொண்டது.

விவகாரம் மலைக்குப் போனது மறுநாளே. வீடியோ காலில் மகன் முதுகுக்குப் பின்னால் சாத்தின கதவைப் பார்த்த ராமாயி அக்கம்பக்கத்தையே கூட்டிவிட்டார். "பட்டப்பகல்ல கதவச் சாத்தீட்டு இருக்கறயே கண்ணு, யாரோட சண்ட?" என்று அவர் கேட்க, இவன் சண்டையே இல்லை என்று சொல்ல, அப்படியென்றால் பெரிய சண்டைதான் என்று ஊரே தீர்மானித்துவிட்டது. சின்னராசு என்னைக் கூப்பிட்டார். எதிர் ஊட்டுக்காரரோடு தானே போனில் பேசுவதாகவும், நான் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொன்னால் போதுமென்றும் சொன்னார். பேச்சை விட்ட ஊட்டில் பையன் எத்தனை நாள்தான் சாப்பிடுவான் என்பது அவர் கவலை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அடக்கினேன்.

கதவைச் சாத்திக்கொண்டு முருகானந்தம் படிக்கவும் இல்லை, சரியாகத் தூங்கவும் இல்லை. ஊருக்கே போய்விடுகிறேன் என்று ஒருமுறை சொன்னான். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அந்த வாரக் கடைசியில் போன் செய்தான். குரல் அடங்கிப்போயிருந்தது.

"அண்ணா, எதிர் ரூம்புப் பையன் என் வாசல்ல குந்தீட்டு இருக்கறானுங்க. கதவுச் சந்துல பாத்தனுங்க, ரொம்ப நேரமாங்க. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

திறடா என்றேன். திறந்தால் மூன்றாவது எச்சரிக்கை வருமே என்றான். திறக்காவிட்டால் நம்ம ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

நான் என் மாடியிலிருந்து இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது ரெண்டு பேரும் வாசலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிஸ்கட் பாக்கெட். ரெண்டு மாதமாகச் சமையல்கட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் திறந்த கதவு வழியாக முருகானந்தத்தைப் பார்த்துத் தலையசைத்துப் பழகிவிட்டானாம் சட்டக்காரன். கதவு சாத்தியே கிடக்கவும், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்திருக்கிறான். தட்டியிருக்கலாமே என்று கேட்டேன். தட்டக்கூடாது என்று நீதானே சொன்னாய் என்றான். நடையில் உட்காரலாமா என்று விடுதி விதிகளை முதலில் படித்துப் பார்த்திருக்கிறான். ஆள் நடக்க வழி விட்டு உட்கார்ந்தால் தடையில்லையாம்.

அப்படிப் படித்ததில் இன்னொன்றும் அகப்பட்டிருக்கிறது. கதவுக்குப் பொருளை வைத்து முட்டுக் கொடுக்கத்தான் தடை. ஆளே பிடித்துக்கொண்டிருந்தால் தடையில்லை. தீப்பிடித்தால் ஆள் எழுந்து ஓடுவான், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வார்டனிடமும் இதைக் கேட்டு எழுதி வாங்கியிருந்தான். நாட்டிலேயே முதன்முதலாக வழக்கு ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அதன்பிறகு முருகானந்தம் அந்த மேற்படிப்பு முழுவதையும் வாசலில் உட்கார்ந்தே படித்தான். பாதி உடம்பு அறையில், பாதி நடையில், முதுகு கதவில், மடியில் புத்தகம். மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. வீடியோ காலில் மகன் பின்னால் திறந்த கதவைப் பார்த்து ராமாயி சாமிக்குப் பொங்கல் வைத்தார். எதிர் ஊட்டுக்காரருக்கு என்று சின்னராசு அனுப்பிய மிளகைச் சட்டக்காரன் ஒரு வருஷம் வைத்திருந்து சாப்பிட்டான். என் எதிர் அறையில் யார் இருந்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

முருகானந்தம் இப்போது நாமக்கல்லில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். ஏசி அறை, கதவு சாத்தியே இருக்கும். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மலையேறி ஊட்டுக்குப் போய்விடுகிறான்.