தொலைந்த அப்பாவைத் தேடிப் போன படம்

எங்கள் அப்பா லாரி ஓட்டுநர். சங்ககிரியில் லோடு ஏற்றினால் அசாம் வரை போவார். போனால் ஒரு மாதம், சில சமயம் நாற்பது நாள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரிக்கும் வேலைக்குப் போனாள். நான் ஆறாவது படித்தேன், தங்கை ஒன்றாவது. வீட்டில் போன் கிடையாது.

ஒருமுறை அப்பா இரண்டரை மாதம் வரவில்லை. அம்மா லாரி ஆபீசுக்கே போய்க் கேட்டாள். வண்டி வழியில் நிற்கிறது, வந்துவிடுவார் என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் நாங்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தாடியும் கறுத்த முகமுமாக வாசலில் வந்து நின்றார். "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று தங்கை உள்ளே ஓடினாள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனதை நான் பார்த்தேன்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்தாள், சோறு போட்டாள், மறுநாள் மில்லுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாகியும் தங்கை அவரிடம் அண்டவில்லை. அவர் கூப்பிட்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா திடீரென்று, "சேலம் போயி ஒரு படம் பாத்துட்டு வரலாம், கெளம்புங்க" என்றார்.

எந்தப் படம் என்பதைப் போஸ்டரைப் பார்த்துத் தங்கைதான் தேர்ந்தெடுத்தாள். சிறகு முளைத்த ஆமை ஒன்றின்மேல் ஒரு அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார்கள். தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம். மதியக் காட்சி. நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். தங்கை மட்டும் அப்பாவை விட்டு எட்டி, எனக்கு அந்தப் பக்கம்.

மலைக்கு அப்பால் இருக்கும் மாய தேசத்தில் அப்பா தொலைந்துபோகிறார். அம்மா நோயில் படுத்துவிடுகிறாள். பிள்ளைகள் ஆமைமேல் ஏறித் தேடிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த முதல் பாதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. ஆமை மேகத்துக்குள் நுழைந்தபோது நான் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் வந்த பனிப் பூதம் மெட்ராஸ் ஆட்டோக்காரர் மாதிரிப் பேசியதும் கொட்டகையே உருண்டு சிரித்தது. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். எந்த வழியில் போவது என்று அந்தச் சின்னப் பெண் முடிவெடுக்க, அண்ணன்காரன் அவள் பின்னால் போனான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. நான் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு கல்லால் ஆன முகங்களோடு ஒரு அரக்கர் படை வந்தது. தங்கை வீறிட்டு அழுதாள். அப்பா எழுந்து எங்களைத் தாண்டி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஒற்றைக் கண்ணால் மட்டும் திரையை எட்டிப் பார்த்தாள். சண்டை அப்போதும் முடிந்திருக்கவில்லை. ஒரே இரைச்சல், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அம்மா கொட்டாவி விட்டாள். "அடிச்சு முடிச்சா சொல்லு சாமி" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியில் பனிக்குகையில் உறைந்துகிடந்த அப்பாவைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் பட்டதும் பனி உருகிவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் பறந்து வர, நோயில் கிடந்த அம்மா குணமாகி எழுந்து வந்து சிரித்தபடி கதவைத் திறந்தாள். கொட்டகை கைதட்டியது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அந்தாளு இத்தன நாளா எங்க இருந்தானாம்? பொண்டாட்டிக்காரி ஒரு வார்த்த கேக்கலையே!"

அம்மாதான். நல்ல சத்தமாக. முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "பனிக்குள்ள இருந்தாருங்கக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியுது. அவளுக்கு எப்படித் தெரியும்? அவ ஊட்லதான கெடந்தா" என்றாள்.

அப்பா குனிந்து வெகுநேரம் செருப்பு மாட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்ததும் அவராகவே பேச ஆரம்பித்தார். மலைப்பாதையில் மழை. முன்னாலும் பின்னாலும் மண் சரிந்து லாரிகள் மாட்டிக்கொண்டன. கூட இருந்த நாமக்கல் ஓட்டுநர் ஒருவருக்கு நினைவு தப்பும் அளவுக்குக் காய்ச்சல். கட்டிலில் கிடத்தி ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

"அவரு பேசற பேச்சு அங்க ஒருத்தருக்கும் புரியல. உட்டுட்டு வர மனசு வரல. எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் இருந்தேன். லெட்டர் போட்டனே, வரலியா?"

"வரலீங்க." அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க உசுரோட இல்லீன்னே நெனச்சுட்டேன். மில்லுல கெழங்கு உரிக்கறப்பவே அழுது முடிச்சுக்குவேன். புள்ளைங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன்."

அப்பா அந்த டம்ளரை எடுத்து மறுபடி அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் மடியிலிருந்த தங்கை, "அங்க ஆமை இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமை இல்ல சாமி. யானை இருந்துச்சு."

பஸ்ஸில் ஊர் வரும்வரை யானைக் கதைதான். படத்தைவிட நன்றாக இருந்தது. அப்பா அதன் பிறகும் வடக்கே போனார். ஆனால் வண்டி எங்கே நின்றாலும் மில் ஆபீசுக்கு போன் வந்துவிடும். மேஸ்திரி கூப்பிட, அம்மா மாவு அப்பிய கையோடு ஓடுவாள்.

இப்போது நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் என் மகளோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இன்றைக்குப் பனி பனி மாதிரியே இருக்கிறது. சிறகு நிஜமாகவே அசைகிறது. அம்மாக்கள் மட்டும் இன்னமும் முதல் காட்சியிலேயே செத்துப்போகிறார்கள், அல்லது படுத்துக்கொள்கிறார்கள். கெட்டவன் அவலட்சணமாகத்தான் இருக்கிறான். எங்கள் வீட்டில் எது கடினமாக இருந்ததோ, அதாவது அப்பா திரும்பி வந்ததற்கு மறுநாள், அதற்கு முன்பே இந்தப் படங்கள் முடிந்துவிடுகின்றன. இதெல்லாம் எனக்குக் கோபம்தான். ஆனாலும் வேறு எந்தப் படமும் எங்கள் நாலு பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்காது. அம்மா கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்விக்கு யாரோ ஒரு மாய தேசத்து மனிதன் தேவைப்பட்டான்.

போன வாரம் ஒரு படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பசங்க ஒரு மாசமா ஸ்கூலுக்கே போகலையே. மிஸ் கேட்டா என்னம்மா சொல்வாங்க?"

டிவியை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பசங்களுக்காக ஒரு லீவு லெட்டர் எழுதினோம்.