முனீபின் காற்று எச்சரிக்கை

கிண்ணியாவில் யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் முனீபைத்தான் அனுப்புவார்கள். எடுத்த எடுப்பில் எதையும் போட்டுடைக்க மாட்டான். “வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்” என்று தொடங்குவான். பிறகு “ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க” என்பான். கேட்பவர் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் மவுத்தை, அதாவது சாவைச் சொல்வான். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. அந்த மரியாதையை நினைத்தாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

பாலையூற்றிலிருந்து நானும் கிண்ணியாவிலிருந்து அவனும் திருகோணமலை நகரத்தில் ஒரே வகுப்பில் புரோகிராமிங் படித்தோம். நாற்பதைத் தாண்டிய வயதில், கடைசி வாங்கில். எனக்குப் பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படியில்லை. தங்கை சுபைதாவின் கணவன் நஸ்ரி தோணியில் கடலுக்குப் போகிறவன். அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே முனீப் படித்தான்.

படித்ததை வைத்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். அன்றைக்கு வீசப்போகும் காற்றின் வேகத்தை இணையத்திலிருந்து எடுத்து, தோணிக்காரர்களின் போனுக்கு விடியமுன் மெசேஜ் அனுப்பும். வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் ‘கவனம், குடாவுக்குள்ளே நில்லுங்கள்.’ நாற்பதைத் தாண்டினால் ‘இறங்க வேண்டாம்.’ இரண்டும் இல்லையென்றால் ‘போகலாம்.’

பல மாதம் அது பிசகவில்லை. காற்றும் நாற்பதைத் தொடவில்லை. நஸ்ரி வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். “மச்சான்ட மெசேஜ் வந்தாப் போதும்” என்று பெருமையடிப்பான்.

போன நவம்பரில் ஒருநாள், காற்று அறுபதுக்கு வீசும் என்று இணையத்தில் இருந்தது. போனுக்கு வந்ததோ ‘கவனம், குடாவுக்குள்ளே நில்லுங்கள்.’ விடியும்போது கடல் சும்மா கிடந்தது. வடகிழக்கில் கறுத்திருந்ததைக் கண்ட மற்றவர்கள் தோணியை இறக்கவில்லை. நஸ்ரி இறக்கினான். பின்னேரம் மூதூர்ப் பக்கம் தோணியும் அவனுடைய உடலும் கரையொதுங்கின.

செய்தி கேட்டு முனீபிடம் ஓடினேன். லேப்டொப்பை என் பக்கம் திருப்பினான். ஒரு பார்வையே போதுமாக இருந்தது. அறுபது இருபத்தைந்தை விடப் பெரிதுதானே? முதல் கேள்விக்கே ‘ஓம்’ கிடைத்துவிட்டது. கிடைத்ததும் கணினி அந்த மெசேஜை அனுப்பிவிட்டு வெளியேறிவிட்டது. நாற்பதைப் பற்றிய கேள்வி அதற்குக் கீழே தொடப்படாமல் கிடந்தது. அதை மேலே எழுதியிருந்தால் நஸ்ரி வீட்டில் படுத்திருப்பான்.

“சின்னதச் சொல்லித்தானே பெரிசுக்குப் போறது” என்றான் முனீப்.

“மனிசர்தான் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டு நிப்பினம். இது நிக்காது” என்றேன். எனக்குக் கோபம். அவன் மேலா, நஸ்ரி மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சுபைதாவிடம் யார் சொல்வது? ஊரார் வழக்கம்போல முனீபையே பார்த்தார்கள். நானும் கூடப் போனேன். அவள் வாசலில் நின்றாள்.

“தங்கச்சி, தோணி கொஞ்சம் பிந்துதாம்...”

அவளுக்குக் கூடப்பிறந்த காக்காவைத் தெரியாதா?

“கடைசியாச் சொல்லுறத முதல்ல சொல்லுங்க காக்கா.”

முனீப் ஒரு முறை என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். “நஸ்ரி மவுத்தாப் போயிட்டார். நான் அனுப்பின மெசேஜ் பிழை.”

அயலவர்கள் உள்ளே ஓடிப்போய்க் கதிரை எடுத்து வந்தார்கள். அவள் உட்காரவில்லை. அழவும் இல்லை.

“இத மாதிரிக் காலையில நேராச் சொல்லியிருக்கலாமே காக்கா” என்றாள்.