நாங்கள் நின்றோம், அவர் உட்கார்ந்திருந்தார்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு முதலாளியின் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தார். ஸ்க்ரம் என்று பெயர். ஜப்பானியர் இருவர் ரக்பி ஆட்டத்தை உவமையாக்கி எழுதியதிலிருந்து அமெரிக்கர்கள் சிலர் வளர்த்தெடுத்த வேலைமுறை. அதில் எனக்குப் பிடித்தவை மூன்று: வேலையைச் சிறிது சிறிதாக முடித்துக் காட்டுவது, எப்படிச் செய்வதென்று குழுவே முடிவு செய்வது, குறுக்கே நிற்கும் தடைகளை அகற்றித் தருவது மேலே இருப்பவரின் பொறுப்பு என்பது.

முதலாளி எடுத்துக்கொண்டது நான்காவதை. தினமும் காலையில் நின்றுகொண்டு கூட்டம். நாங்கள் நின்றோம். அவர் உட்கார்ந்திருந்தார்.

டவுணில் ஒரு ஜவுளிக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குள் ஓடாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். என் தடையைக் கூட்டத்தில் தினமும் சொன்னேன்.

"கடையில ஒருநாள் உக்காந்து பாக்கணும் சார்."

"பொம்பளப் பிள்ள அங்கன ஆம்பளையளுக்கு நடுவுல எதுக்கும்மா? இவன் போயிட்டு வந்து சொல்லுதாம்லா."

ஜவுளிக் கடைக்குப் பெண்கள் போகாமல் வேறு யார் போகிறார்கள்? அவர் கைகாட்டிய என் சக ஊழியன் போனான். திரும்பி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான்.

புரோகிராம் ஏறிய முதல் நாளே கடை முதலாளி போனில் கத்தினார். கல்யாண வீட்டார் காலையில் நுழைந்து, மாடி மாடியாக ஏறி இறங்கித் துணி எடுத்து, மாலையில்தான் பில்லை முடிப்பார்களாம். என் புரோகிராமோ ஒரு பில்லை மூடாமல் அடுத்ததைத் திறக்காது. வரிசை தெருவரை நின்றதாம்.

மறுநாள் கூட்டத்தில் முதலாளி, "மானத்த வாங்கிட்டியேம்மா. இன்னைக்கும் ஏதாவது தடை இருக்கா?" என்றார்.

"இருக்கு. நீங்கதான் சார்."

பதிலுக்குக் காத்திராமல் டவுண் பஸ் ஏறினேன்.

"நீதான் எழுதுனியா தாயி?" என்றார் கடை அண்ணாச்சி. "அன்னைக்கு வந்த பயகிட்ட, என்ன வேணும்னாலும் கேளுடேன்னேன். அல்வா எங்கன நல்லாருக்கும்னு கேக்கான்!"

கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ஓட்டிக் காட்டினேன். அவர் குறை சொன்னார், திருத்தினேன், மறுபடி காட்டினேன். தீபாவளிக் கூட்டத்தை அது தாங்கியது.

முதலாளி என்னை வைத்துக்கொண்டே உறவினரிடம் போனில் பேசினார்: "நின்னு பேசுனா வேலை நடக்கத்தான் செய்யுது. அருமையான திட்டம்!"

அவர் ரிசீவரை வைப்பதற்குள் ராஜினாமாவை எழுதிவிட்டேன்.