கேட்காமல் நடந்த வழி

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு மதுரையில் சுகாதார ஆபீசில் வேலை பார்த்தேன். திருவாதவூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வாந்திபேதி. மருந்துப் பெட்டியோடு சர்வே படமும் திசைகாட்டியும் கொடுத்து என்னை அனுப்பினார்கள். எனக்குப் பரம சந்தோஷம். தெரியாதவர்களிடம் வழி கேட்க எனக்கு நாக்கு எழாது.

யானைமலையை முதுகுக்கு நேரே வைத்துக் கிழக்கே நடந்தால் இரட்டைப் பனை வரும், அதன் அருகில்தான் ஊர் என்றது படம். காலை பத்து மணி வாக்கில் வழியில் ஒற்றைப் பனைதான் நின்றது. திசைகாட்டியைப் பார்த்தபடி அதைத் தாண்டி நடந்தேன். வயலில் நடவு நட்ட பெண்களில் ஒருத்தி கூப்பிட்டாள்.

"ஐயா, எந்த ஊருக்குப் போறீக? அந்த டப்பியவே பாத்துக்கிட்டுப் போறீகளே, அது வாய் பேசுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில், காது கேளாதவன்போல் வேகமாக நடந்தேன்.

இரண்டு மைல் தள்ளி இரட்டைப் பனை தெரிந்தது, ஊர் இல்லை. அங்கேயே வெகுநேரம் சுற்றி அலைந்துவிட்டு, ஒற்றைப் பனைக்கே திரும்பி வந்து, தோப்பு மறைவில் இருந்த ஊரைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்த ஒற்றைப் பனையின் ஜோடி முன்பே விழுந்துவிட்டதாம். ஒரு வாசலில் இளம்பெண்ணின் உடலைக் கிடத்தியிருந்தார்கள்.

"உச்சி வரைக்கும் பேசிக்கிட்டிருந்தாய்யா" என்றான் புருஷன். "நடவுல அம்புட்டுப் பேரு நின்னாங்களே, கூப்பிட்டும் பாத்தாங்களாமே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"படத்துல ரெட்டைப் பனைன்னு போட்டிருந்துச்சு" என்றேன்.



அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்மேலேயே அருவருப்பு வருகிறது. கூச்ச சுபாவமுள்ள நல்ல மனிதர் என்று என்னைச் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

மறுநாள் அந்த ஊர்க் கிணற்றில் மருந்து கலந்துவிட்டு, சாயங்காலம் மதுரை திரும்பினேன்.