கண்ணாடி வண்டியின் கியர் பெட்டி

என் வீட்டுக்காரர் எதையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். புதுத் துண்டு, பழைய செய்தித்தாள், நான் ஊற்றிக் கொடுக்கும் டீ, எல்லாம் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிய பெண்டாட்டி கொடுக்கிற டீயைச் சந்தேகப்பட்டு மோந்து பார்த்தால் எவளுக்குத்தான் கோபம் வராது? பிறகுதான் அது தொழில் புத்தி என்று விளங்கியது. அவர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி பார்க்கிற மெக்கானிக். என்ஜினை ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, நுனியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாலே பெட்டியின் பாதிக் கதை அவருக்குத் தெரிந்துவிடும். ஆரோக்கியமான பெட்டியில் ஆயில் சிவப்பாக இருக்கும். சூட்டில் வெந்துபோனால் பழுப்பாகி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வாடை வரும். தெருவில் அவருக்கு 'மோப்பம்' என்றே பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

எங்கள் பட்டறை நீளமான ஒரு கூடம். நடுவில் வண்டியைத் தூக்குகிற இரண்டு இரும்புத் தூண்கள். சுவரெல்லாம் பிரித்துப்போட்ட பெட்டிகளின் பல்சக்கரங்கள். வாசலை ஒட்டி ஒரு மேசை, அது என் ராஜ்யம். போன் எடுப்பது, சாமான் வரவழைப்பது, இவருடைய வாயால் மனம் நொந்து போகிற வண்டிக்காரர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நான்தான். பக்கத்துக் கடை பிரேக் வேலை மட்டும் பார்க்கிறவருடையது. அவர் பெட்டியைத் தொட மாட்டார், இவர் பிரேக்கைத் தொட மாட்டார். அவரவர் எல்லை அவரவருக்கு என்று பல வருஷமாக நடக்கிற ஒப்பந்தம் அது.

இவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. வண்டிக்காரரை இறக்கி என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, தனியாகத்தான் போவார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு சுற்று.

"பக்கத்துல உக்காந்தா வாயை மூட மாட்டாங்க. அதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு. நோயாளியே மருந்து எழுதிக்கிட்டு வந்தா டாக்டர் எதுக்கு?" என்பார்.

நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என் அண்ணன் தன்னுடைய பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தபோதும் இதேதான் நடந்தது. அண்ணன் ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்குகிறவர். வண்டியின் பின்னால் மரச்சட்டம் அடித்து, கண்ணாடிகளை நிற்க வைத்து, இடையிடையே கம்பளி செருகி, கட்டடம் கட்டடமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு. கிழிந்த இடமெல்லாம் அவர் கையாலேயே தைத்தது. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வண்டிதான் அவருக்கு வீடு. சாப்பிடுவது அதில், மதியம் கண் அசருவது அதில். வீட்டுக்குப் போவது இராத் தங்கலுக்கு மட்டும். பேச்சு ரொம்பக் குறைவு. கல்லுளிமங்கன் என்று அம்மா திட்டுவாள். அது அவருக்குத் திட்டாகவே உறைக்காது.

"என்ஜின் உறுமுது மாப்பிள்ளை, வண்டி இழுக்க மாட்டேங்குது. கியர் லேட்டா மாறுது. ஏத்தத்துல போனா ஒரு தீஞ்ச வாடை," என்றார்.

இவர் கம்பியை உருவினார், மோந்தார், முகத்தைச் சுளித்தார். ஆயில் வெந்திருந்தது. ஆனால் அளவு சரியாக இருந்தது, எங்கும் ஒழுக்கும் இல்லை. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அண்ணனை என் எதிரே உட்கார வைத்துவிட்டு ஒரு சுற்று போய் வந்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுது மச்சான். எடுத்துட்டுப் போங்க."

கொஞ்ச நாளிலேயே அண்ணன் திரும்பி வந்தார். அதே உறுமல், அதே வாடை. புது ஆயிலும் பழுப்பாகியிருந்தது. இந்தத் தடவை இவர் ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற கேபிளை அளந்து இழுத்துக் கட்டினார். மீட்டர் மாட்டி ஆயில் அழுத்தம் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. மறுபடி தனியாக ஒரு சுற்று, மறுபடி வெண்ணெய்.

அன்றைக்கு அண்ணன் டீ குடிக்கப் பட்டறைக்குள் வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. வாசலுக்கு வெளியே தனியாகக் கிடந்தது. "என்னண்ணே, ஒத்தச் செருப்போட ஊர்வலமா?" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, போய் மாட்டிக்கொண்டு வந்தார். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாவது தடவை வந்தபோது இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியைத் தூக்கி, பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். பெட்டிக்குள் இருக்கிற கிளட்ச் தட்டுகள் தேய்ந்தால் தூள் வந்து அந்த அடித்தட்டில் தேங்கும். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வுகளை ஒன்றொன்றாகக் கழுவிப் பூட்டினார். இரண்டு நாள் வேறு வண்டியையே தொடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

"எங்கிட்ட மட்டும் நல்லா ஓடுது மச்சான்."

"மாப்பிள்ளைன்னு வண்டிக்கும் மரியாதை போல," என்றார் அண்ணன். அவர் வேடிக்கையாகப் பேசுவதே அபூர்வம். சிரித்துக்கொண்டே நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

எங்கள் தெரு பட்டறையிலிருந்து ஏற்றமாகப் போகும். அண்ணன் வண்டி ஏறியது. பின்னால் இரண்டு பிரேக் விளக்கும் எரிந்தன. யாரோ குறுக்கே வந்திருப்பார்கள் என்று எட்டிப் பார்த்தேன். தெரு காலி. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, விளக்கு அணையவே இல்லை. முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் சிவப்பாகவே போனது.

இவர் எந்த வண்டி போவதையும் நின்று பார்க்க மாட்டார். வேலை முடிந்தால் கை கழுவப் போய்விடுவார். அன்றைக்கும் சோப்பும் கையுமாகக் குழாயடியில் நின்றார்.

"என்னங்க, ஏத்தத்துல ஏறும்போது யாராச்சும் பிரேக் புடிப்பாங்களா?"

"பைத்தியக்காரன் புடிப்பான்."

"எங்க அண்ணன் புடிச்சுக்கிட்டே போறாரு."

கையைத் துடைக்காமலே பக்கத்துக் கடைக்குப் போனார். பிரேக் கடைக்காரர் சொன்ன விஷயம் இவ்வளவுதான்: அந்த வண்டிக்குப் பிரேக் கட்டை மாற்றி மாற்றி மாளவில்லை, கண்ணாடிப் பாரம் ஏற்றுகிற வண்டி, அதனால் தேய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒருத்தர் கட்டையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், இந்தப் பக்கம் ஒருத்தர் ஆயிலை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே, வண்டிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு யானை நான் கொடுத்த டீயை மோந்துகூடப் பார்க்காமல் கையில் வாங்கிக்கொண்டது.

"பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு காலால ஓட்டிக்கிட்டு இன்னொரு காலால புடிச்சு நிறுத்துனா எந்த மாடுதான் இழுக்கும்? உறுமத்தான் செய்யும், ஆயில் வேகத்தான் செய்யும். நான் தனியா ஓட்டுனேன். அவர் காலை நான் பாக்கவே இல்ல."

"இடது காலையா பிரேக்ல வச்சிருக்காரு? இத்தனை வருஷம் கிளட்ச் மிதியே இல்லாத இந்த வண்டிய ஒரு காலாலதானே ஓட்டுனாரு?"

"அதான் எனக்கும் புரியல. திடீர்னு ஒருத்தர் எதுக்கு ரெண்டு காலால ஓட்டணும்?"

எனக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும் என்று டாக்டர் எப்போதோ எச்சரித்திருந்தார். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத காலுக்கு, அது ஆக்சிலேட்டரில் இருக்கிறதா பிரேக்கில் இருக்கிறதா என்று மட்டும் எப்படித் தெரியும்? அதனால்தான் இடது காலைக் காவலுக்கு வைத்திருக்கிறார். சொன்னேன். இவர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு மதியம் முழுக்க எங்களுக்குள் இதுதான் சண்டை. வண்டியை நிறுத்தியாக வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. பின்னால் கண்ணாடி, முன்னால் தெருவெல்லாம் ஜனம். அண்ணன் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. ஆனால் வண்டியை எடுத்துவிட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

"பெட்டி செத்துப்போச்சு, இனிமே தேறாதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. மானத்தோட ஒதுங்கிக்குவாரு," என்றேன்.

"நல்லா இருக்குற பெட்டியச் செத்துப்போச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"உங்க பெட்டி பெருசா, எங்க அண்ணன் பெருசா?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அவர் கோபப்படவில்லை. "இவளே, சொல்றேன்னே வச்சுக்க. மறுநாள் வேற பெட்டி தேடிக்கிட்டு வந்து நிப்பாரு. மாட்டிக் குடுங்கன்னுவாரு. அப்ப என்ன சொல்லுவ?"

அவரே போனை எடுத்து, ஒரு வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை அப்படியே நிறுத்தி வையுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னார். மறுநாள் காலையில் போய் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவருடைய பட்டறை வாழ்க்கையில் அப்படி ஒரு சவாரி அதுதான் முதல் தடவை.

பட்டறைக்குள் வந்ததும் என்ஜினை அணைத்து, சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க மச்சான்," என்று இறங்கிக்கொண்டார். அண்ணன் சீட்டில் நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வந்தார். நான் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணை மூடிக்குங்க."

அண்ணன் மூடிக்கொண்டார். இவர் தரையில் மண்டியிட்டு, அண்ணனுடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, ஆக்சிலேட்டர் மேல் வைத்தார்.

"கால் எதுல இருக்கு மச்சான்?"

"பிரேக்குல."

மறுபடி தூக்கினார். இந்தத் தடவை எதன் மேலும் வைக்கவில்லை. வண்டியின் வெறும் தரையில் வைத்தார்.

"இப்ப?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். நெற்றி சுருங்கியது. பரீட்சையில் உட்கார்ந்த பையன் மாதிரி அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"ஆக்சிலேட்டர்ல," என்றார்.

இவர் காலை விட்டுவிட்டு எழுந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து, குனிந்து, தன் பாதம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கடையில் யாரோ இரும்பை ராவிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாதம்மா," என்றார் அண்ணன். பிறகு இவரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் பேசுகிற குரல் அது.

"பெட்டில ஒண்ணும் இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும் மாப்பிள்ளை. ஸ்கூல் வாசல்ல ஒரு புள்ள குறுக்க ஓடியாந்துச்சு. வண்டி நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு காலாலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன், எந்தக் கால் நிறுத்துச்சுன்னு எனக்கே தெரியல. அன்னிலேருந்து பயம். வாயத் தொறந்து சொல்ல வரல. உங்ககிட்ட கொண்டாந்தா நீங்களே கண்டுபுடிச்சுச் சொல்லிடுவீங்கன்னுதான் திரும்பத் திரும்ப வந்தேன்."

தைத்த சீட்டைக் கையால் தடவினார்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் என்னை இறக்கிவிட்டுட்டுப் போயிட்டீங்க."

என் வீட்டுக்காரர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அண்ணன்தான் ஸ்டீயரிங்கை விட்டு எதிர்ப்பக்கக் கதவோரம் வரைக்கும் சீட்டில் நகர்ந்து, ஓட்டுகிற இடத்தை அவருக்கு விட்டு உட்கார்ந்தார்.