அழகிரிசாமி வாயில் வராத சொல்

என் வீட்டுக்காரர் அழகிரிசாமிக்குச் சிங்காநல்லூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் பட்டறை. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். சொல்லாமல் என்ன செய்யும்? யார் என்ன கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் என்றால் இரண்டுக்கும் போய், இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வருவார். கேட்டவர் முகம் வாடக் கூடாதாம். கட்டியவள் முகம் வாடினால் பரவாயில்லை போலிருக்கிறது.

எங்கள் பெண் அக்ஷிதாவுக்கு டாக்டர் பயணம் கூடாது என்றதால் தலைப்பிரசவம் பெங்களூரிலேயே நடந்தது. நான் முன்னதாகவே போய்விட்டேன். இவர் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் சரக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு பட்டறையே கதி என்று கிடந்தார். பேத்தி முகத்தை முதலில் போனில்தான் பார்த்தார். அக்ஷிதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த வருஷம் கென்யாக்காரர் ஒருவர் மோட்டார் கேட்டார். அவரோடு பேச வேண்டுமே என்று இவர் பக்கத்துத் தெரு அமலி டீச்சரிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நடுவே, ஐம்பத்தாறு வயதில், முதல் பெஞ்ச். ஒருநாள் கூட்டிவரப் போனவள் வாசலிலேயே நின்று பார்த்தேன். டீச்சர் மேசைமேல் டீயும் காபியும் வைத்திருந்தார். இரண்டும் வேண்டுமென்றால் போத், ஏதாவது ஒன்று போதுமென்றால் ஈதர், இரண்டுமே வேண்டாமென்றால் நெய்தர் என்று சொல்லிக்கொடுத்து, ஒவ்வொருவராகக் கேட்டார்.

இவர் போத் சொன்னார். ஈதரும் சொன்னார். மூன்றாவது மட்டும் வரவில்லை.

"கொண்டாந்து குடுக்கறப்ப ரெண்டும் வேண்டாம்னா உங்க மனசு சங்கடப்படுமுங்களே, டீச்சர்."

"எனக்கொரு சங்கடமுமில்லீங்க அங்கிள். சும்மா சொல்லிப் பழகுங்க."

மனுஷன் டீயையும் குடித்து, காபியையும் குடித்துவிட்டு எழுந்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அந்தக் கென்யாக்காரர் வீடியோவில் வந்தார். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் இரண்டையும் மாதக் கடைசிக்குள் அனுப்ப முடியுமா, இல்லை ஏதாவது ஒன்றையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டார். மாதக் கடைசியில்தான் பெங்களூரில் அக்ஷிதாவுக்கு இரண்டாவது பிரசவம். ஒன்றை முடிப்பதென்றாலும் இவர் ராப்பகலாகப் பட்டறையில் நிற்க வேண்டும். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. 'ஆகட்டுங்க' என்று மட்டும் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி என்று நின்றேன்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நெய்தர், சார். நெய்தர் இஸ் பாசிபிள் திஸ் மன்த்."

அதோடு விட்டாரா? வெரி சாரி, வெரி சாரி என்று கும்பிடு வேறு. கென்யாக்காரர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த மாதம் அனுப்பினால் போதும் என்று சிரித்துவிட்டுப் போனார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்ஷிதாகிட்டச் சொல்லிப்போடு கனகம், நானும் வாரேன்னு."

"நீங்களே சொல்லுங்க."

கூப்பிட்டார். அவள் நம்பவில்லை.

"வரப் பாக்கறேன்னுதானுங்கப்பா எப்பவும் சொல்லுவீங்க."

"பாக்கறதெல்லாம் இல்ல கண்ணு. வர்ற ஞாயித்துக்கெழம ரயிலுக்கு வாரேன்."

அக்ஷிதா எந்த ரயில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"பாப்பாவ மொதல்ல உங்க கையிலதானுங்கப்பா குடுக்கச் சொல்லுவேன்."