இருபது சென்ட்டில் முளைத்த நவதானியம்

மதுரை பழங்காநத்தத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பதினாறு வருஷம் வாடகைக் கட்டடத்தில் மாவு மில் ஓட்டினோம். மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரர் குடியிருந்தார். மதியம் ஒரு மணிக்குப் படுக்கப் போகும்போது கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். மிளகாய் பாதி அரைபட்டுக் கிடந்தாலும் சரி, நான் சுவிட்சை அணைத்துவிட்டு நாலு மணி வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவது என்னைத்தான்.

போன வருஷம் அவர், "சித்திரைக்குள்ள காலி பண்ணிருங்கம்மா, இடிச்சுக் கட்டப் போறேன்" என்றார். எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், குதிக்கத் தோன்றியது. ஒத்தக்கடையைத் தாண்டி என் அப்பா எனக்கு எழுதிவைத்த இருபது சென்ட் புஞ்சை, சீமைக்கருவேலம் மண்டித் தரிசாகக் கிடந்தது. சுற்றிலும் புது வீடுகள், காலேஜ், அடிக்கடி பஸ். அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரு மாவு மில் கிடையாது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு தடைதான். அரசாங்கப் பதிவில் அது விவசாய நிலம். வணிக நிலமாக மாற்றி உத்தரவு வந்தால்தான் அங்கே மில் கட்டலாம்.

மனு கொடுத்தோம். பல வருஷமாகச் சாகுபடி இல்லை என்று வி.ஏ.ஓ. சான்று தந்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டுப் பேப்பரில் வந்த விளம்பரத்தை, கல்யாணப் பத்திரிகை மாதிரி, மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பதுதான் பாக்கி.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் தன் திறமையைக் காட்டினார். புரட்டாசி பிறந்துவிட்டால் பூமி பூஜை போடக்கூடாது, ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உத்தரவே வரவில்லையே என்றேன்.

"அதெல்லாம் வரும்த்தா. சாமிய முதல்ல கூப்பிட்ருவோம்."

முள்ளை வெட்டினார். இடம் பார்வையாக இருக்கட்டும் என்று டிராக்டர் விட்டு உழுதார். பூஜையில் நவதானியம் தூவ ஒரு கைப்பிடி போதும். இவர் அரை மூட்டை கொண்டுவந்து நிலம் முழுக்க இறைத்தார். கேட்டதற்கு, "மில்லுக்காரன் கைப்பிடி போட்டா ஊரே சிரிக்கும்" என்றார். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. நல்ல சகுனம் என்று பூரித்துப்போனோம். நானும்தான்.

பத்து நாள் கழித்து அதிகாரியம்மாவோடு நாங்கள் போய் இறங்கினால், இருபது சென்ட்டும் பச்சைப்பசேலென்று முளைத்து நிற்கிறது.

அவர் ஃபைலைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "தரிசுன்னு சர்டிஃபிகேட் வச்சிருக்கீங்க. இங்க பயிர் நிக்குதே" என்று பேனாவை மூடினார். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினாறு வருஷம் கழித்துக் கைக்கு எட்டியது போகப் போகிறது என்ற ஆத்திரத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"மேடம், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. நெல்லுக்குப் பக்கத்துல எள்ளு. எள்ளுக்குப் பக்கத்துல மொச்சை. இந்தா கொள்ளு, உளுந்து, கோதுமை. மதுரை வெயில்ல கோதுமை மேடம். இப்படி விதைக்கிறவரு விவசாயியா, இல்ல பூமி பூசைக்கு அரை மூட்டை கொட்டுன என் வீட்டுக்காரரா? நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்தார். ஒரு கொத்தைப் பிடுங்கி, விரலால் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு வந்ததும் சிரித்துவிட்டார்.

"பூசைக்கு இம்புட்டா?"

"மில்லுக்காரன்னு ஒரு கெத்து மேடம்" என்றார் என் வீட்டுக்காரர், அப்போதுதான் வாயைத் திறந்து.

அதிகாரியம்மா நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். பூஜைக்குத் தூவிய தானியம், சாகுபடி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் பழங்காநத்தம் வரும்வரை என் வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தேன். நடுநடுவே சிரிப்பு வந்து திட்டு விட்டுப்போனது.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. பங்குனியில் தகரக் கூரை போட்டு மெஷினை இறக்கினோம். முதல் நாளே வாசலில் தூக்குவாளியும் சம்படமுமாகக் கூட்டம். அரைத்துக்கொண்டே இருந்தேன். மணி ஒன்று ஆனது. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"ஏத்தா, மேல யாரு தூங்குறா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நிமிர்ந்து பார்த்தேன். தகரம்தான் இருந்தது. மெஷின் அதிர்வில் அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுத்து, "அடுத்து யாரும்மா, வாங்க" என்றேன்.